மிச்ச ஓட்டம்

குதிகாலில் வந்த கொப்புளத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. புது ஷூ, பனியில் நனைந்த சாக்ஸ், செம்மேட்டிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறும் சாலை எல்லாம் சேர்ந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோலை உப்ப வைத்திருந்தன. ஊசியைத் தீயில் காட்டிக் குத்தி நீரை எடுத்தேன். மறுநாள் தோலே கழன்று வந்துவிட்டது. மாரத்தானுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மிளகு விவசாயி. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றியிருக்கிறேன், கீழே கொஞ்சம் காப்பிச் செடி. வேலை இல்லாத நேரத்தில் படிப்பேன். செம்மேட்டு நூலகத்தில் எடுக்கிற புத்தகத்தைப் பெரும்பாலும் வரும் வழியிலேயே ஏதாவது பாறையில் உட்கார்ந்து பாதி முடித்துவிடுவேன். எனக்குப் பேச வரும். பேசி முடித்தபிறகு, பேசாமலே இருந்திருக்கலாமே என்று பல சமயம் தோன்றும். அவ்வளவுதான்.

ஓட ஆரம்பித்ததும் இதனால்தான். ஓடுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்ததை நம்பிவிட்டேன். அதை எழுதியவர் கொல்லிமலையில் ஓடிப் பார்த்ததில்லை. எங்கள் மலையில் வளர்ந்த ஆள் ஒருவன் ஓடினால் ஒன்று பஸ்ஸை விட்டிருக்க வேண்டும், இல்லை வீட்டில் யாருக்காவது முடியாமல் இருக்க வேண்டும். பைக், ஆட்டோ, பலாப்பழ லோடு எதுவும் நிற்காமல் போனதில்லை. பிக்கப் வண்டி ஓட்டும் என் பங்காளி பூபதி மட்டும் விஷயம் தெரிந்தும் நிறுத்துவான்.

"ஏறு பங்காளி, எவ்வளவு நேரம் ஓடுவே?"

"பயிற்சிடா."

"பயிற்சி எடுத்து எங்க போவப் போற?"

"நாமக்கல்லுக்கு."

"அதுக்குத்தான் வண்டி இருக்குதே, ஏறு!"

நாமக்கல்லில் அந்த மாரத்தானுக்குப் பதிவு செய்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அங்கே சாலையை அடைத்துவிடுவார்கள். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தூரம், ஒரு காலைப்பொழுது முழுவதும், யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாமல் என் போக்கில் ஓடலாம். வேகம் பற்றியோ பதக்கம் பற்றியோ நான் நினைக்கவே இல்லை. அந்த மௌனத்தை முழுசாக ஒருமுறை அனுபவிக்க வேண்டும். அதற்காக ஒரு வருடம் தயாரானேன்.

என் மனைவி அருணா இதை ஊர் முழுக்க வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தாள். "ஊட்டுல பேசாம இருக்கறது பத்தலையாமா. காசு கட்டி, ஊரு உட்டு ஊரு போயி, பேசாம இருந்துட்டு வரப் போறாரு."

திங்கட்கிழமை வெங்கிடுசாமி மாமா வீட்டில் மிளகு மிதிப்பு. எங்கள் பக்கம் மிளகு பறிப்பதும் மிதிப்பதும் மாற்றாள் முறையில்தான் நடக்கும். இன்றைக்கு என் தோட்டம், நாளைக்கு உங்கள் தோட்டம். பறித்த சரத்தைக் குவித்து, இரவு முழுக்கச் சாக்குப் போட்டு மூடி வைத்தால் மணி இளகிக் கொடுக்கும். காலையில் களத்தில் கொட்டி, வீட்டுக்கு ஒருவராகக் கால் கழுவிவிட்டு ஏறி மிதிப்போம். மிதிக்க ஏறியவர் குவியல் முடியும் வரை இறங்குவது கிடையாது. ஒருவர் இறங்கினால் அவர் பங்கை மற்றவர்கள் மிதிக்க வேண்டும். அதனால் முடியாதவர்கள் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

ஏறுவதற்கு முன் சொல்ல எனக்கும் நேரம் இருந்தது. ஆனால் கொப்புளம் என்றால், எதனால் வந்தது என்று கேட்பார்கள். ஓடியதனால் என்றால் மதியச் சாப்பாடு வரை அதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். அதற்கு மிதித்துவிட்டே போகலாம் என்று காலைக் கழுவிக்கொண்டு ஏறினேன்.

பச்சை மிளகுச் சாறு தோல் இல்லாத சதையில் பட்டால் எப்படி இருக்கும் என்று மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். முதலில் சுருக்கென்று ஒரு குத்தல். பிறகு குதிகாலில் யாரோ கங்கு வைத்து ஊதுவது போல இருந்தது. அந்தக் கங்கு கெண்டைக்கால் வரை ஏறியது. எனக்கு ஒரு காலே இல்லை, அந்த நாணயம் அளவு இடம் மட்டும்தான் இருக்கிறது, மற்ற உடம்பு அதன்மேல் நிற்கிறது என்று தோன்றியது.

பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த வெங்கிடுசாமி மாமா எங்கள் ஊரிலேயே அதிகம் பேசுகிறவர். வயது ஐம்பதுக்குப் பக்கம். அவர் வாய் நின்று நான் பார்த்ததில்லை. குச்சிக்கிழங்கு லாரிக்காரன் ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கண்ணுல தண்ணி வருது? மொளகு பட்டுருச்சா?"

"ஆமாங்க மாமா."

"கையக் கொண்டி தொடச்சிருப்ப. தொடைக்கப்படாது. அப்பறம் அந்த லாரிக்காரன் என்ன பண்ணுனான்னா..."

குவியல் முடியும் வரை மிதித்தேன்.

வீட்டுக்குப் போய் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அருணா பார்த்துவிட்டாள். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். குதிகால் முழுக்கச் சிவந்து, காயத்தின் ஓரம் வெந்தது போல வெளுத்திருந்தது.

"இதோடயா மிதிச்சீங்க?"

காலை மறுபடி வாளிக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"ஏனுங்க, ஒரு வார்த்த சொன்னா நான் போயி மிதிச்சிருக்க மாட்டனா? சொல்றதுக்கு என்ன, வாயிலயா கொப்புளம்?"

மறுநாள் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டுப் போட்டார். காயம் சின்னதுதான், ஆனால் காற்றாட விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நடக்கலாம், ஓடினால் கிழியும் என்றார். கிழிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்ன ஆகும், மறுபடி எங்கிட்ட வருவீங்க" என்றார்.

புதன்கிழமை காலை வெங்கிடுசாமி மாமாவும் அவர் மனைவி பழனாயி அக்காவும் ஏணியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அருணா சொல்லியிருக்கிறாள். மாமாவின் முகம் சுருங்கிப் போயிருந்தது. எங்கள் ஊரில் ஒருவருடைய களத்தில் யாருக்காவது அடிபட்டால், அவர் எழுந்து நடமாடும் வரை அவர் வேலையைக் களத்துக்காரர் வீடுதான் செய்ய வேண்டும். அருவாள் பட்டவருக்கும், ஏணியிலிருந்து விழுந்தவருக்கும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். கொப்புளத்துக்குச் செய்து நான் பார்த்ததில்லை.

"மாமா, அது களத்துல வந்தது இல்லீங்க. ஏற்கெனவே இருந்ததுங்க."

"இருந்தத எங்கிட்ட சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்ப எனக்குத் தெரிஞ்சு அது என்ற களத்துல வந்ததுதான். உக்காரு."

உட்கார்ந்தேன். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் உட்கார்ந்தேன். வாசலில் ஒரு நாற்காலி, காலுக்குக் கவிழ்த்த கூடை, மடியில் புத்தகம், எதிரே காயும் மிளகு. கோழி வந்தால் விரட்டுவது மட்டும் என் வேலை. பச்சையாக இருந்த மணிகள் வெயில் ஏற ஏறக் கறுத்துச் சுருங்குவதை என் வாழ்நாளில் முதல்முறையாக ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் இது என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. ஆனால் இப்படி உட்கார்ந்து பார்க்க எனக்கு வேளை வாய்த்ததில்லை. வலி குறைந்து ஒரு அரிப்பாக மாறியிருந்தது. உள்ளே ஏதோ தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, நான் கேட்காமலே தோல் பின்னப்படுகிறது என்று நினைக்க ஒரு விதமான சந்தோஷம் வந்தது.

மேலே மரத்திலிருந்து மாமாவின் குரல் மட்டும் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சரம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருமுறை என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "கேக்கறயா சதீசு? மரத்துமேல ஏத்திவுட்டாலும் நிக்க மாட்டேங்குது. ரேடியோவுக்காவது திருகு இருக்கும்."

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி மரமும் முடிந்தது. மாமா இறங்கி, கை கழுவி, அருணா கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"அம்மிணி, இன்னும் இவன் வேல என்ன பாக்கி?"

"ஒண்ணும் இல்லீங்கண்ணா. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டியாச்சு. மொளகு முடிஞ்சுது." அருணா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஓட்டந்தான் பாக்கி."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். மாமா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம."

"எவ்வளவு தூரம்?"

அருணா சொன்னாள். மாமா மனசுக்குள் எதையோ அளந்து பார்த்தார். "அடிவாரத்துக்கு எறங்கி ஏறுனாப்பல இருக்குமா? செரி. நானும் வாரேன். இவனுக்கு முடியற வரைக்கும் இவன் ஓடட்டும். முடியாததுக்கு நான் இருக்கேன்."

"மாமா, அப்படியெல்லாம் உட மாட்டாங்க. பேரு குடுத்தவங்களுக்குத்தான் நம்பர் குடுப்பாங்க."

"நம்பர் உனக்கு. ரோடு எல்லாத்துக்கும்."

அன்று வெகுநேரம் எனக்குப் படிக்க ஓடவில்லை. கால் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் எதற்காக அந்தக் கால் ஆற வேண்டும் என்று இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனோ அது கையை விட்டுப் போய்விட்டது. ஊரிலேயே அதிகம் பேசுகிற மனிதர் நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு என் பக்கத்தில் வரப் போகிறார். வேண்டாம் என்று சொல்லலாம். மிச்சமிருந்த என்னுடைய பன்னிரண்டு மரத்தையும் பறித்துக் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? அருணாவிடம் மட்டும் சொன்னேன்.

"போகாம இருந்துடலாம்னு பாக்கறேன்."

"கால் வலிச்சாச் சொல்லுங்க, போக வேண்டாம். அண்ணன் பேசுவாருன்னு போகாம இருந்தீங்கன்னா, நான் பேசுவேன். வருசம் பூரா பேசுவேன்."

சனிக்கிழமை பூபதியின் வண்டியில் எல்லோரும் கிளம்பினோம். அவனுக்கு ஒரே கொண்டாட்டம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் திரும்பி, "பங்காளி, இங்கிருந்து எறங்கி ஓடறயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நாமக்கல்லில் அருணாவின் சித்தி வீட்டில் தங்கினோம்.

ஓட்டப்பாதை ஒரு பெரிய வட்டம். அரை மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு ஒரு சுற்று, எங்களுக்கு இரண்டு. அருணாவும் அக்காவும் பூபதியும் புறப்படும் இடத்திலேயே ஒரு வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துக்கொண்டார்கள். விடிவதற்குள் கூட்டம் கிளம்பியது. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாக ஆரம்பித்தேன். கட்டுக்கு மேல் பஞ்சு, அதற்கு மேல் பழைய ஷூ. முதல் வளைவிலேயே மாமா ஓரத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். மடித்துக் கட்டிய வேட்டி, ரப்பர் செருப்பு, தலையில் துண்டு.

விசில் வைத்திருந்த ஒரு இளைஞன் ஓடி வந்தான். "ஐயா, நம்பர் இல்லாம உள்ள வரக்கூடாதுங்க."

"நான் ஓட வரல சாமி. இவன் கால் என்ற களத்துல கெட்டுப்போச்சு. அதுக்கு வந்திருக்கேன்."

இளைஞன் என்னைப் பார்த்தான். இதை விளக்க எனக்கு எத்தனை வாக்கியம் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன். அவன் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்து, பிறகு, "ஓரமாவே போங்க ஐயா" என்று விட்டுவிட்டான்.

மாமா பேச ஆரம்பித்தார். கிழங்கு விலை, கீழ்நாட்டுக் கிணறுகளின் ஆழம், தாண்டிப் போன ஒருவரின் தொடை, அவர் எந்த ஊர். அந்த ஆளிடமே கேட்டும் விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வருடம் சேர்த்துவைத்த காலைப்பொழுது இப்படித்தான் போகும் என்று என்னைத் தயார் செய்துகொண்டேன்.

ஒரு கோழிப்பண்ணையைத் தாண்டியதும் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசிக்கொண்டே ஓட முடியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எதைக் குறைப்பது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஓட்டத்தை வைத்துக்கொண்டு பேச்சை விட்டார்.

அதன்பிறகு வந்த தூரத்தை நான் இன்னும் நினைத்துப் பார்த்துக்கொள்வதுண்டு. வெளிச்சம் மெல்ல வந்தது. இரண்டு பக்கமும் கரும்பும் சோளத்தட்டும். தூரத்தில் எங்கள் மலை நீலமாக நீண்டு கிடந்தது. கீழேயிருந்து பார்க்க அதில் ஒரு வீடு, ஒரு மரம் தெரியவில்லை. அவ்வளவு பேச்சு அதன்மேல் நடக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். என் ஷூ சத்தம், அவருடைய செருப்பு சத்தம், இரண்டு பேர் மூச்சு. தனியாகத்தான் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தது பக்கத்தில் ஒருவர் இருக்கும்போதே இருந்தது. அவர் நடுவில் ஒருமுறை தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு.

சுற்று முடிய இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் குதிகாலில் ஏதோ விட்டுப்போனது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஈரம். கட்டுக்குள் சதை வழுக்குவது தெரிந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. முகத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதில் எனக்குப் பழக்கம் உண்டு. இன்னொரு சுற்றையும் இப்படியே ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஓடியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கால் சீழ் வைத்திருக்கும், இரண்டு மாதம் கூடைமேல் காலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன், மாமா ஏணியோடு வந்து வாசலில் நின்றிருப்பார்.

வேப்பமரம் தெரிந்தது. மாமா முன்னால் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"மாமா."

திரும்பினார்.

"கிழிஞ்சுருச்சுங்க. இதுக்கு மேல முடியாதுங்க."

சொல்லிவிட்டு, இனி வரப்போகும் பேச்சுக்காகக் காத்திருந்தேன். அவர் நின்று, குனிந்து, என் ஷூவின் பின்பக்கம் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"அம்மிணிகிட்டப் போயி உக்காரு. மிச்சத்த நான் மிதிச்சுட்டு வாரேன்."

"மாமா, நீங்க ஓடணும்னு இல்லீங்க. இன்னும் இதே அளவு இருக்குதுங்க."

"ஏறுனா எறங்கறதா?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. சந்தைக்குச் சரக்கோடு போகிறவனின் நடை. ஆனால் கண்ணை விட்டு மறையும் வரை அந்த நடை குறையவில்லை.

அருணா கட்டைப் பிரித்துக் கழுவினாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டு வந்ததில் அவளுக்குப் பேச விஷயம் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். பழனாயி அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஊட்டுல ஒரு கொடம் தண்ணி மோந்து வரச் சொன்னா முட்டி வலின்னு படுத்துக்கும். வரட்டும், இனிமே நான் உடறனா பாரு." குரலில் பெருமையை மறைக்க அவளால் முடியவில்லை. பூபதி இட்லி வாங்கி வந்தான். வழக்கமான கேலிக்கு வாயைத் திறந்தவன் என் காலைப் பார்த்துவிட்டு இன்னொரு இட்லியை என் இலையில் வைத்தான். பிறகு வண்டியில் போய்ப் படுத்துத் தூங்கினான். அருணாவும் என் தோளில் சாய்ந்து கண் அயர்ந்தாள்.

வெயில் ஏறியது. ஆட்கள் ஓடிவந்து முடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சிலர் அழுதார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள், ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து தரையில் மல்லாந்து படுத்தாள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓடாதது எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்து உள்ளே தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. மிச்ச இடத்தில் எல்லாம், அவர் இப்போது கோழிப்பண்ணையைத் தாண்டியிருப்பார், கரும்புக்காட்டுப் பக்கம் வந்திருப்பார், தார் சுடுமே, செருப்பைப் போட்டிருப்பாரா என்ற நினைப்புதான் இருந்தது.

உச்சி வெயிலுக்குப் பிறகு, பந்தல்காரர்கள் முடிவுக்கோட்டில் கட்டியிருந்த அலங்கார வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வெங்கிடுசாமி மாமா வந்தார். செருப்பு காலில் இருந்தது. நம்பர் இல்லாதவர் என்பதால் வளைவுக்குள் நுழையாமல் ஓரமாகவே சுற்றிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். தண்ணீர் கூடக் கேட்கவில்லை. குனிந்து என் குதிகாலைப் பார்த்தார்.

"காஞ்சிருச்சா?"

"காஞ்சுட்டு வருதுங்க மாமா."

ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். அக்கா துண்டை நனைத்து அவர் கழுத்தில் போட்டாள். அவர் கதை ஆரம்பிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் ஆரம்பிக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டாவது சுத்து எப்படி இருந்துச்சுங்க மாமா?"

அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தனியாப் போனீங்களே. வெயிலு சாஸ்தியா? வழியில யாராச்சும் கூட வந்தாங்களா? தண்ணி குடுத்தாங்களா?"

பக்கத்தில் வண்டிக்குள் படுத்திருந்த பூபதி எழுந்து உட்கார்ந்து என்னை விசித்திரமாகப் பார்த்தான். அருணா சிரிப்பை அடக்கிக்கொள்ள முந்தானையை வாயில் வைத்தாள்.

மாமா யோசித்தார். நிதானமாக, ரொம்ப நேரம் யோசித்தார்.

"அதே ரோடுதான் மாப்ள," என்றார். "என்னமோ இந்தத் தடவ நீளமாப் போட்டுட்டானுங்க."